றியாத்தா, லீட்ஸா: நன்றி கெட்டவர் யார்?

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பழைய நண்பர் ஒருவரின் மகள் எனது வீட்டுக்கு வந்திருந்தார். நண்பர் இப்போது இல்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் அச்சுத்தாளும் இல்லாத நாட்களில், கோடு போட்ட கொப்பித் தாளில் நாம் பத்திரிகை வெளியிட்டபோது, அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கோத்தவர் அவர். அவருடைய மகள் இன்று வடக்கிலுள்ள அரச வைத்தியசாலை ஒன்றில் தாதிய உத்தியோகத்தர். ஒன்பது வருடச் சேவை. கணவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை பார்க்கிறார். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை.

வந்தவர் கைப்பையிலிருந்து இரண்டு காகிதக் கட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சவூதி அரேபியாவின் றியாத் நகரிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றின் வேலை ஒப்பந்தம். மற்றையது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிடைக்கக்கூடிய வேலைக்கான கடிதம். இரண்டில் ஒன்றை மாத முடிவுக்குள் தெரிவு செய்தாக வேண்டும்.

"மாமா, நீங்கள் பேப்பர்க்காரர். உலகம் தெரிஞ்சனீங்கள். எது நல்லது எண்டு சொல்லுங்கோ" என்றார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. முப்பது வருடமாக றியாத் என்று எத்தனையோ தலைப்புகளில் எழுதியிருக்கிறேன். எண்ணெய் விலை, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டம், பணிப்பெண்களின் கண்ணீர். லீட்ஸ் என்றால் கிரிக்கெட் மைதானம். இவற்றுக்கு அப்பால் அந்த நகரங்களில் ஒரு பெண் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து எப்படி வேலைக்குப் போகிறாள் என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. கட்டுநாயக்க விமான நிலையத்தை அவர் பார்த்ததே ஒருவரை வழியனுப்பப் போனபோதுதான்.

அவர் வந்து போன மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஒரு நினைவுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற உயரதிகாரி ஒருவர் பேசினார். "இந்த நாட்டின் இலவசக் கல்வியில் படித்து, அரச பணத்தில் பயிற்சி பெற்று, நாடு நெருக்கடியில் இருக்கும்போது டொலருக்கும் பவுணுக்கும் ஓடுகிறார்கள். இது நன்றிகெட்டதனம்" என்று முழங்கினார். அரங்கில் நல்ல கைதட்டல். பக்கத்திலிருந்தவர் என்னிடம் குனிந்து, பேச்சாளரின் பிள்ளைகள் இருவரும் அவுஸ்திரேலியாவில் இருக்கிறார்கள் என்றார். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். ஆனால் அந்தப் பேச்சாளரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. இந்தக் கருத்து பத்திரிகை ஆசிரிய தலையங்கங்களிலும் அமைச்சர்களின் பேச்சுகளிலும் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஆகையால் இந்த நன்றிக் கணக்கை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிடுவது நல்லது.

கடன் யாருக்கு?

ஒரு தாதியைப் பயிற்றுவிக்க அரசாங்கம் பணம் செலவிடுகிறது என்பது உண்மை. மூன்று வருடப் பயிற்சி, அக்காலத்துக்கான கொடுப்பனவு, தங்குமிடம் எல்லாம் பொதுமக்களின் வரிப்பணம். ஆனால் அந்தக் கடன் ஒன்பது வருடச் சேவையில் எவ்வளவு அடைபட்டது என்பதை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கொவிட் பெருந்தொற்று பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் உயரதிகாரிகள் வீட்டிலிருந்து இணையவழிக் கூட்டம் நடத்தியபோது, நோயாளியின் மூச்சுக் காற்றுக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றவர்கள் தாதியர். என் நண்பரின் மகள் அப்போது கைக்குழந்தைத் தாய். தனிமைப்படுத்தல் விதியின்படி வாரக்கணக்கில் பிள்ளையைப் பார்க்காமல் விடுதியில் இருந்திருக்கிறார். இந்த வரவை நன்றிக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

எமது மண்ணில் இந்தத் தொழிலின் கணக்கு இன்னும் பழையது. 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அந்த நாட்களிலிருந்து மருத்துவமனை என்பது யாழ்ப்பாணத்துச் சமூக வாழ்வின் ஒரு தூணாக இருந்து வந்திருக்கிறது. 1987 ஒக்டோபர் 21ஆம், 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் இந்திய இராணுவம் புகுந்து சுட்டபோது நோயாளர்களுடன் வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் செத்து விழுந்தார்கள். 2009இல் புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று இடம் மாறி மாறிச் சென்ற தற்காலிக வைத்தியசாலைகளில், மருந்தும் துணியும் தீர்ந்த பின்னரும் காயக்காரருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இருந்தார்கள். இவர்களுக்கு நாடு எந்த நன்றியைக் காட்டியது? அந்தப் பரம்பரையில் வந்த ஒருவரிடம் போய் நன்றி பற்றிப் பேசுவதற்குச் சற்றுத் துணிச்சல் வேண்டும்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. தாதியருக்குக் கதவைத் திறந்துவிட்டதே அரசாங்கம்தான். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று இலங்கை கைவிரித்தது. 200 ரூபாவுக்குக் கிடைத்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. அதே ஆண்டு ஜூனில் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை எடுத்துக்கொண்டு வெளிநாட்டு வேலைக்குப் போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படா, ஆனால் மாதந்தோறும் குறித்த ஒரு தொகையை டொலராக வங்கி ஊடாக அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது, "போ, ஆனால் டொலர் அனுப்பு" என்று சொன்னது அரசு. 2022இல் 3.8 பில்லியன் டொலருக்கும் கீழே விழுந்து கிடந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2024இல் 6.5 பில்லியனைத் தாண்டியது. மத்திய வங்கி அந்த எண்ணை வெளியிடும்போது மேடைகளில் நன்றிகெட்டவர் என்ற சொல் ஒலிப்பதில்லை. அப்போது அவர்கள் "நாட்டின் முதுகெலும்பு". விடுதியில் தாதி இல்லை என்று நோயாளி முறையிடும்போது மட்டும் அவர்கள் ஓடிப்போனவர்கள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்று எம்மவர் சொல்வது இதைத்தான்.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து கட்டங்கட்டமாக 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் ஆளணிப் பற்றாக்குறையால் மேலதிக நேர வேலையே தாதியரின் வயிற்றுப்பாடாகிவிட்ட நாட்டில், அந்த மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கிடும் முறையிலும் அதே திட்டம் கைவைத்தது. மார்ச் மாதம் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதன் காரணம் இதுவே. ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் எடுத்தால் எடுத்த கைதான் நினைவில் நிற்கும்.

உறவினர் சபை

சரி, இரண்டு நகரங்களுக்கு வருவோம். நண்பரின் மகளுக்கு ஆலோசனை சொல்ல ஒரு சபையே கூடியிருக்கிறது. கனடாவிலுள்ள பெரியம்மா லண்டன் பக்கம்தான் போகவேண்டும் என்கிறார். லீட்ஸ் லண்டன் பக்கத்தில் இல்லை, வடக்கே 300 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல. தம்பி றியாத் என்கிறார். அவருடைய திருமணத்துக்கு முன்னர் வீட்டுக்கு மேல்மாடி கட்ட வேண்டும், றியாத் காசு உடனே வரும். கொழும்பு முகவருக்கும் றியாத்தான் நல்லது, ஏனென்றால் அந்த ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தவர் அவர். சாத்திரியார் மேற்குத் திசை நல்லது என்றாராம். யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் இரண்டுமே மேற்கு.

தாயார் மட்டும் சவூதி என்ற சொல்லைக் கேட்டதும் அழுதிருக்கிறார். அவர் மனதில் வந்தது மூதூர் ரிசானா நபீக். வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் பணிப்பெண்ணாகப் போய், 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே தலை வெட்டப்பட்ட ஏழைச் சிறுமி. அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் தாயாரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பதிவு பெற்ற தாதியின் நிலை வேறு. அவருடைய சான்றிதழ்கள் மூலத்திலேயே சரிபார்க்கப்படுகின்றன. புறொமெற்றிக் பரீட்சை உண்டு. அந்நாட்டின் சுகாதாரத் தொழில் ஆணைக்குழுவில் பதிவு உண்டு. தொழிற் சட்டம் அவரை உள்ளடக்குகிறது. வீட்டுப் பணிப்பெண்ணை அந்தச் சட்டமே வெளியில் நிறுத்திவிட்டது. ரிசானாவுக்கு நேர்ந்த கொடுமையின் வேர் அங்கேதான் இருந்தது.

இந்தச் சபையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: சம்பளம் எவ்வளவு? நான் அவரிடம் வேறொரு கேள்வியைக் கேட்டேன். எந்த நகரத்தில் உன்னால் "முடியாது" என்று சொல்ல முடியும்? தொடர்ந்து மூன்றாவது இரவுக் கடமை செய்யச் சொன்னால், பயிற்சி பெறாத வேலையைச் செய்யச் சொன்னால், மேலதிகாரி தகாத வார்த்தை பேசினால், "முடியாது" என்று சொல்லிவிட்டு மறுநாளும் அந்த நகரத்தில் கூரைக்குக் கீழே இருக்க முடியுமா? ஒரு தொழிலாளி ஒரு நகரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

றியாத்தின் கணக்கு

றியாத் ஒப்பந்தத்தில் மாதம் 4,000 றியால் என்றிருந்தது. டொலருக்கு 3.75 றியால் என்ற வீதம் 1986 முதல் மாறவில்லை. ஆகவே ஆயிரத்து அறுபது டொலருக்குச் சற்றுக் கூட. வருமான வரி இல்லை. தங்குமிடமும் போக்குவரத்தும் இலவசம். கையில் மிஞ்சும் காசு என்று பார்த்தால் முதல் மூன்று வருடத்தில் றியாத்தான் வெல்லும். வேலை முடிந்து திரும்பும்போது, முதல் ஐந்து வருடத்துக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் சேவை முடிவுப் பணமும் சட்டப்படி கிடைக்க வேண்டும்.

பத்து வருடத்துக்கு முந்திய றியாத் அல்ல இன்றைய றியாத் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2018 ஜூன் முதல் பெண்கள் வாகனம் ஓட்டுகிறார்கள். 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தொழிற் சீர்திருத்தம், ஒரு வருடம் பூர்த்தியானதும் பழைய முதலாளியின் சம்மதமில்லாமலே வேறு வேலைக்கு மாற வழிவிட்டது. கடவுச்சீட்டை முதலாளி பறித்து வைத்திருப்பது சட்டப்படி தடை.

ஆனால் காகிதத்தின் மறுபக்கத்தையும் திருப்புங்கள். வேலை, வதிவிட அனுமதி, படுக்கும் கட்டில் மூன்றும் ஒரே கையில் இருக்கின்றன. முதல் வருடத்தில் அந்தக் கை உதறினால் மூன்றும் ஒரே நாளில் போகும். தொழிற்சங்கம் அமைக்க முடியாது. வேலைநிறுத்தம் குற்றம். பிள்ளையைக் கூட்டிச் செல்வதென்றால், தங்கிவாழும் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 றியால் அரசுக்குக் கட்ட வேண்டும். தாதியர் விடுதியில் குடும்பத்துக்கு இடமுமில்லை. ஆகவே றியாத் என்றால் நான்கு வயதுப் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போவது என்றே பொருள். எத்தனை வருடம் உழைத்தாலும் அந்த உழைப்பின் பேரில் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை வராது.

லீட்ஸின் கணக்கு

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் பதிவு பெற்ற தாதியின் ஆரம்பச் சம்பளம் 2025/26 நிதியாண்டுக்கு வருடம் 31,049 பவுண். எமது ரூபாவில் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தலை சுற்றி விழுபவர்கள் பலர். வரி, தேசிய காப்புறுதி, ஓய்வூதியப் பிடிப்பு போக மாதம் ஏறத்தாழ 2,000 பவுண்தான் கையில். அதில் வீட்டு வாடகை, குளிர்கால வெப்பமூட்டல் கட்டணம், மாநகர வரி, பேருந்து எல்லாம் போக வேண்டும். பவுணில் உழைப்பவர் பவுணிலேயே சாப்பிடவும் வேண்டும் என்பதை ஊரிலுள்ளவர்கள் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலப் பரீட்சை, கணினிவழிப் பரீட்சை இரண்டையும் இங்கிருந்தே தேறியிருக்கிறார். அங்கே போய்ச் செய்முறைப் பரீட்சையிலும் தேறிப் பதிவு கிடைக்கும் வரை குறைந்த தரச் சம்பளம்தான்.

அந்த நகரத்தில் "முடியாது" என்று சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். தாதியருக்குச் சங்கம் உண்டு. 1916இல் தொடங்கிய அவர்களுடைய றோயல் கல்லூரி, 2022 டிசம்பர் 15ஆம் திகதி இங்கிலாந்தில் முதல் தடவையாக நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தது. வெளிநாட்டுத் தாதியும் அந்த வரிசையில் நிற்கலாம். கணவனையும் பிள்ளையையும் கூட்டிப் போகலாம். பராமரிப்புப் பணியாளர்களுக்கு 2024 மார்ச்சிலேயே பறிக்கப்பட்டுவிட்ட உரிமை அது.

ஆனாலும் அங்கேயும் வீசா வேலை தருபவரின் கையில்தான். வேலை போனால் பொதுவாக 60 நாட்களுக்குள் இன்னொரு அனுசரணையாளரைத் தேடிக்கொள்ள வேண்டும். குறித்த காலத்துக்கு முன்னர் விலகினால் ஆட்சேர்ப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை சில ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில் சிறு எழுத்தில் இருக்கும். ஐந்து வருடத்தில் நிரந்தர வதிவிடம் என்று முகவர்கள் இன்றும் சொல்லித் திரிகிறார்கள். அதைப் பொதுவாகப் பத்து வருடமாக்கும் யோசனையைப் பிரித்தானிய அரசாங்கம் 2025 மே மாத வெள்ளையறிக்கையிலேயே முன்வைத்துவிட்டது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

மரியாதையின் கதையும் உண்டு. 2020 டிசம்பர் 8ஆம் திகதி கொவன்ரி நகரில் பரீட்சார்த்தத்துக்கு வெளியே உலகின் முதலாவது பைசர் கொவிட் தடுப்பூசியை ஒரு மூதாட்டிக்கு ஏற்றியவர் மே பார்சன்ஸ் என்ற தாதி. பிலிப்பைன்ஸிலிருந்து போனவர். முழு நாடும் அவரைக் கொண்டாடியது. 2024 ஓகஸ்டில் குடியேறிகளுக்கு எதிரான கலவரம் வெடித்தபோது சண்டர்லண்ட் நகரில் அவசர கடமைக்குப் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் தாதியர் மீது கல் விழுந்தது. நாலு வருடத்துக்குள் பூவும் கல்லும். லீட்ஸைச் சொர்க்கம் என்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஈடு வைத்த காணி

இரண்டு நகரங்களுக்கும் பொதுவான ஓர் ஆபத்து கடன். முகவருக்குக் கொடுக்கவும் பரீட்சைகளுக்குக் கட்டவும் காணி உறுதியை ஈடு வைத்துவிட்டுப் போகும் பெண்ணால் எந்த நகரத்திலும் "முடியாது" என்று சொல்ல முடியாது. 2014 ஜூனில் ஈராக்கின் திக்ரித் நகரை ஆயுதக் குழு கைப்பற்றியபோது அங்கே ஒரு வைத்தியசாலையில் 46 இந்தியத் தாதியர் சிக்கிக்கொண்டனர். பெரும்பாலானோர் கேரளத்துப் பெண்கள். ஜூலையில் அவர்கள் உயிருடன் மீண்டது பெரும் பாக்கியம். குண்டு வெடிக்கும் நகரத்திலிருந்து ஊர் திரும்பவே அவர்களில் சிலர் தயங்கினார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. ஊரில் வட்டிக்கடன் காத்திருந்தது என்பதே காரணம். குண்டைவிட வட்டி பயங்கரமானதாக இருந்திருக்கிறது. இதனால்தான், போவதென்று முடிவெடுத்தால் உறுதியை ஈடு வைக்காமல் போக வழி பார் என்று நண்பரின் மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வாங்குபவர்களின் நன்றி

நன்றியைப் பற்றிப் பேசுகிறோம். வாங்கும் நாடுகளின் நன்றி எங்கே? ஒரு தாதியைப் பிறப்பிலிருந்து வளர்த்து, படிக்க வைத்து, பயிற்றுவித்து, அனுபவமும் கொடுத்து அனுப்புவது ஏழை நாடு. ஆயத்தமாகக் கிடைக்கும் கையை எடுத்துக்கொள்வது பணக்கார நாடு. சுகாதாரப் பணியாளர்களைச் சர்வதேச ரீதியாகச் சேர்ப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டு ஓர் ஒழுக்கக் கோவையை நிறைவேற்றியது. விரும்பினால் பின்பற்றலாம், விடலாம். பற்றாக்குறை மிகுந்த நாடுகளிலிருந்து முனைந்து ஆட்சேர்ப்புச் செய்யாதிருக்கும்படி 2023இல் 55 நாடுகளின் பட்டியலொன்றை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. நாம் போதியளவு தாதியர் உள்ள நாடு என்று எண்கள் சொல்கின்றன போலும். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இரவில் விடுதிக்குப் போய் எண்ணிப் பார்த்தவர்கள் அந்த எண்களை எழுதியிருக்க மாட்டார்கள்.

அனுப்பும் அரசுகளும் சளைத்தவையல்ல. 2021 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸ் தொழில் அமைச்சு பிரித்தானியாவுக்கும் ஜேர்மனிக்கும் ஒரு யோசனை சொன்னது: எங்களுக்குத் தடுப்பூசி தாருங்கள், உங்களுக்குக் கூடுதலாகத் தாதியரை அனுப்புகிறோம். பிரித்தானியா மறுத்தது. பண்டமாற்றுச் சந்தையில் மிளகாய்க்கு அரிசி மாற்றுவது போல் மனிதரை ஊசிக்கு மாற்ற ஓர் அரசு வாய்திறந்து கேட்டது. எமது அரசு வாய்திறந்து கேட்கவில்லை. சுற்றறிக்கை மூலம் செய்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

மிஞ்சி நிற்பவர்கள்

இவ்வளவையும் எழுதியபின் மறைக்க முடியாத ஓர் உண்மை இருக்கிறது. போகும் தாதியின் இடத்தில் வெற்றிடம் விழுகிறது. அந்த வெற்றிடத்தின் வலியை அனுபவிப்பவர் நினைவுக் கூட்டத்தில் பேசிய உயரதிகாரி அல்லர். அவருக்குத் தனியார் வைத்தியசாலை இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குச் சேலைன் முடிந்து கூப்பிட ஆளில்லாமல் படுத்திருக்கும் கூலித்தொழிலாளிதான் அதை அனுபவிக்கிறார். இந்த நோயாளிக்காக யாராவது பேசத்தான் வேண்டும். ஆனால் அவருக்காகப் பேசுவதென்பது தாதியைத் திட்டுவதல்ல. கதவைப் பூட்டுவதுமல்ல. சுதந்திரமாக வெளியேற முடியாத ஒருவரின் சேவை சேவையாகாது, சிறையாகும்.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. அடிப்படைச் சம்பளத்திலேயே குடும்பம் வாழக்கூடியதாக இருக்க வேண்டும். மேலதிக நேரம் வயிற்றுப்பாடாகக் கூடாது. இடமாற்றம் அரசியல்வாதியின் கடிதத்தில் தங்கியிராமல் எழுதி வைத்த ஒழுங்கில் நடக்க வேண்டும். எமது தாதியரைச் சேர்க்கும் நாடுகளுடன் அரசாங்கம் நேரடி உடன்படிக்கை செய்து, எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஈடாக எமது தாதியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு ஆசிரியரையும் உபகரணத்தையும் பணத்தையும் கேட்டுப் பெற வேண்டும். முகவர் கட்டணத்தைத் தாதியின் தலையில் கட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். கடைசியாக, திரும்பி வருபவருக்கு வெளிநாட்டு அனுபவத்தைக் கணக்கிலெடுத்து, பதவியைக் காத்து வைத்திருக்க வேண்டும். ஐந்து வருடம் அவசரசிகிச்சைப் பிரிவொன்றில் வேலை பார்த்து வந்தவரைப் பழைய படியிலேயே நிறுத்தி, பழைய விடுதிக்கே அனுப்பினால் ஏன் வர வேண்டும்?

அன்று இரண்டு காகிதக் கட்டுகளையும் வரி வரியாகப் படித்து முடித்தபின் நான் எனது அபிப்பிராயத்தைச் சொன்னேன். "லீட்ஸ் நல்லது பிள்ளை. காசு குறைவாகத்தான் மிஞ்சும். ஆனால் பிள்ளை உன்னோடு இருக்கும். சங்கம் இருக்கு. வாய் திறந்து கதைக்கலாம்." எனது அளவுகோலில் எனக்கு நல்ல நம்பிக்கை இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"றியாத்துக்குப் போனால் பிள்ளையை விட்டிட்டுப் போகவேணும் மாமா. ஆனால் திரும்பி வருவன். லீட்ஸுக்குப் போனால் பிள்ளையையும் கொண்டு போகலாம். ஆனால் நாங்கள் ஒருத்தரும் திரும்பி வரமாட்டம். அம்மா இஞ்சை தனிய இருப்பா. அதுதான் எனக்கு நித்திரை இல்லை."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. நான் "முடியாது" என்று சொல்லும் உரிமையை அளந்துகொண்டிருந்தேன். அவர் திரும்பி வரும் வழியை அளந்துகொண்டிருந்தார். இரண்டு நகரங்களில் எதுவும் அவருக்கு இரண்டையும் தரவில்லை. இரண்டையும் தந்திருக்கக்கூடிய மூன்றாவது இடம் ஒன்று உண்டு. அது அவர் பிறந்த ஊர். அந்த ஊரிலிருந்து எந்த ஒப்பந்தமும் அவர் மேசைக்கு வரவில்லை. அந்த ஊரின் சார்பில் அவருக்குக் கிடைத்தது ஒரு சுற்றறிக்கையும், நன்றிகெட்டவர் என்ற பட்டமும்தான்.

மேடையில் முழங்கிய பெரியவருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குப் போகுமுன்னர் ஏதாவது ஓர் அரச வைத்தியசாலையின் விடுதியில் ஓர் இரவு இருந்து பாருங்கள். நோயாளர் கட்டில்களையும் தாதியரையும் எண்ணுங்கள். அதன் பின்னரும் நன்றிகெட்டவர் என்ற சொல்லை யாரைப் பார்த்துச் சொல்வது என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால் நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நண்பரின் மகள் இதை எழுதும் வரை எந்தக் கடிதத்துக்கும் பதில் அனுப்பவில்லை. நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன். "பிறகு கதைப்பம் மாமா, இண்டைக்கும் எனக்கு நைற்" என்றார். விடுதியில் நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளர். கடமையில் இரண்டு பேர்.